ஜப்பானில் எட்டு வருடமாகத் துணி வாங்குகிறேன்: அளவுச்சீட்டு எனக்குப் புரிந்த கதை

2017 நவம்பரில் தோக்கியோ வந்து இறங்கியபோது என் பெட்டியில் இருந்தவை இரண்டு ஸ்வெட்டர், நான்கு புடவை, மீதி எல்லாம் பருத்திக் குர்த்தா. முதல் வாரமே குளிர் தாங்கவில்லை. நிஷி காசாய் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். சென்னையில் நான் எப்போதும் எல் அளவு. இங்கேயும் எல் எடுத்துப் போட்டுப் பார்த்தேன், ஜிப் மார்பைத் தாண்டவில்லை. எல்எல் எடுத்தேன். ஜிப் ஏறியது, ஆனால் கை மணிக்கட்டுக்கு மூன்று விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. 3எல் எடுத்தேன், தோளும் வயிறும் தொளதொளவென்று தொங்க, கை மட்டும் அதே இடத்தில் நின்றது. வேறு வழியில்லாமல் அதையே வாங்கிக்கொண்டு வந்து, அந்தக் குளிர்காலம் முழுக்க மணிக்கட்டுக்கு மேல் வரை மூடும் கையுறை போட்டுச் சமாளித்தேன். என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த வருத்தம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஜப்பானுக்கு வருகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை “ஒரு அளவு பெரிதாக எடுங்கள்” என்பது. பெண்களுக்கு இது பாதிதான் சரி. அந்தப் பாதியை நம்பி நான் வீணாக்கிய பணம் கொஞ்சநஞ்சமில்லை.

காரணம் அந்தச் சீட்டிலேயே இருக்கிறது. ஜப்பானிய உடைகளில் எழுத்துக்குக் கீழே சின்னதாக மூன்று எண்கள் அச்சிட்டிருப்பார்கள். பெண்கள் எம் என்றால் மார்பு 79 முதல் 87, இடுப்பின் அகன்ற பகுதி (அவர்கள் ஹிப் என்பார்கள்) 87 முதல் 95, உயரம் 154 முதல் 162, எல்லாம் சென்டிமீட்டரில். இவை துணியின் அளவுகள் இல்லை, அதைப் போடப்போகிற உடம்பின் அளவுகள். ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரநிலை வகுத்த முறை இது. இப்போது எல் சீட்டைப் பாருங்கள்: மார்பு 86 முதல் 94, ஹிப் 92 முதல் 100, உயரம் மறுபடியும் 154 முதல் 162. எல்எல்லிலும் உயரம் அதேதான். பெண்கள் உடையில் எழுத்து ஏற ஏற அகலம்தான் கூடுகிறது, அது எந்த உயரத்துக்கு வெட்டப்பட்டதோ அந்த உயரம் அப்படியே நிற்கிறது. கடைக்குக் கடை ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் கூட்டித் தைப்பார்கள்தான். என் உயரம் 166. ஒரு சென்டிமீட்டர் எனக்கு எந்த மூலைக்கு?

ஆண்களுக்கு இப்படி இல்லை. அவர்களுடைய எம் 165 முதல் 175 உயரத்துக்கு, எல் 175 முதல் 185 உயரத்துக்கு. அதனால்தான் என் கணவர் ஒரு அளவு பெரிதாக எடுத்துத் தப்பித்துவிடுவார், அதே யோசனையை எனக்கும் சொல்வார், எனக்கு அது பலிக்காது. இரண்டு வருடம் கழித்துத்தான் இருவர் சட்டையின் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்தோம்.

அலுவலக உடைகளில் எழுத்துக்குப் பதில் எண் வரும். 7, 9, 11, 13 என்று ஒற்றைப்படையில், பக்கத்தில் “கோ” என்ற எழுத்தோடு. 9 என்றால் மார்பு 83, 11 என்றால் 86, 13 என்றால் 89, 15 என்றால் 92. முழுச் சீட்டில் 9ஏஆர் மாதிரி இருக்கும். நடுவில் உள்ள எழுத்து உடல்வாகு: ஏ சாதாரணம், ஒய் என்றால் அதைவிட ஹிப் 4 செ.மீ. குறைவு, ஏபி என்றால் 4 செ.மீ. கூடுதல், பி (B) என்றால் 8 செ.மீ. கூடுதல். கடைசி எழுத்து உயரம்: பி (P) 150, ஆர் 158, டி 166. இதை வைத்து என்னைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 15பிடி (15BT) வருகிறது. அப்படி ஒரு அளவை இந்த முறையில் அழகாக எழுத முடிகிறது, எட்டு வருடத்தில் ஒரு கடையிலும் அந்தச் சீட்டுத் தொங்கி நான் பார்த்ததில்லை. கடைகளில் தொங்குவது பெரும்பாலும் ஏஆர்தான். ஆனாலும் இந்த எழுத்துகளைப் புரிந்துகொண்ட அன்று எனக்குப் பெரிய நிம்மதி. என்னை மாதிரி உடம்புக்கும் ஒரு பெயர் இருக்கிறது, கடைக்காரர்தான் அதை இருப்பு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, அப்படியென்றால் எப்படி வாங்குவது?

நான் கடைசியில் போய்ச் சேர்ந்த வழி நம் ஊர் வழிதான். நமக்கெல்லாம் நம் அளவு எண்ணாகத் தெரியாது, டெய்லரிடம் அளவு பிளவுஸ் கொடுத்துப் பழகியவர்கள் நாம். 2018ல் ஸோஸோ என்ற இணையத் துணிக்கடை, வெள்ளைப் புள்ளிகள் வைத்த கறுப்பு உடை ஒன்றை வீட்டுக்கே அனுப்பியது. அதை மாட்டிக்கொண்டு கைப்பேசி முன்னால் நின்று கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினால், கேமரா புள்ளிகளைப் படித்து உடம்பின் அளவுகளைச் சொல்லும். என் கை நீளம், தொடைச் சுற்றளவு எல்லாம் சென்டிமீட்டரில் நான் முதல்முதலாகப் பார்த்தது அப்போதுதான். அதற்குப் பிறகு ஒரு இஞ்ச் டேப் வாங்கி, எனக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு குர்த்தா, ஒரு சட்டை, ஒரு பேன்ட் மூன்றையும் தரையில் விரித்து அளந்து, கைப்பேசியில் குறித்து வைத்துக்கொண்டேன். இவைதான் என்னுடைய அளவு பிளவுஸ்.

ஏனென்றால் ஜப்பானிய இணையக் கடைகளில் உள்ள மிக நல்ல பழக்கம், துணியையே தரையில் விரித்து அளந்து எண்களைப் போடுவது. சீட்டில் இருப்பது உடம்பு அளவு, பொருள் விவரத்தில் இருப்பது துணியின் அளவு, இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எல்லாம் தப்பாகிவிடும். நான்கு சொற்கள் தெரிந்தால் போதும். கதஹபா தோள் அகலம். மிஹபா அக்குளுக்குக் கீழே துணியின் அகலம், இது ஒரு பக்கம் மட்டும், அதனால் இரண்டால் பெருக்க வேண்டும். கிதாகே கழுத்துக்குக் கீழிருந்து ஓரம் வரை நீளம். சோதேதாகே கை நீளம். என் மார்பு 94 என்றால், நெகிழாத துணியில் மிஹபா 52க்குக் கீழே இருந்தால் நான் தொடுவதே இல்லை. பின்னல் துணி என்றால் 48 வரை பரவாயில்லை. பழைய துணி விற்கும் மெர்காரி மாதிரி செயலிகளில் சாதாரண வீட்டுப் பெண்மணிகள்கூட இந்த எண்களைப் பொறுமையாக அளந்து போட்டிருப்பார்கள். போடாவிட்டால் மரியாதையாகக் கேட்டால் அன்று மாலையே பதில் வரும். எனக்கு மிகச் சரியாகப் பொருந்திய கோட் அப்படி வந்ததுதான்.

கை நீளத்தில் மட்டும் இன்னொரு சிக்கல். சில உடைகளில் சோதேதாகே இருக்காது, யுகி என்று இருக்கும். பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை உள்ள நீளம் அது. ஆண்கள் அலுவலகச் சட்டைகள் முழுக்க இந்தக் கணக்குதான்: 39-82 என்றால் கழுத்து 39, யுகி 82. என் கணவருக்குக் கழுத்து 39, யுகி 88 வேண்டும். கழுத்து 39 உள்ள சட்டைகளில் கை அவ்வளவு நீளமாகப் பெரும்பாலும் கிடைக்காது, கை நீளமான சட்டையை எடுத்தால் கழுத்து 42, 43 ஆகிவிடும், டை கட்டினால் காலர் சுருங்கிக் கசங்கி நிற்கும். அவர் இப்போது அளவு கொடுத்துத் தைக்கும் கடைக்கே போய்விட்டார், தயார் சட்டைக்கும் அதற்கும் விலையில் பயப்படும் அளவு வித்தியாசம் இல்லை.

யுகி என்பது கிமோனோவிலிருந்து வந்த சொல். இதை எனக்குச் சொன்னவர் என் பக்கத்து வீட்டுப் பாட்டி. தன்னுடைய பழைய கிமோனோ ஒன்றை எனக்குக் கட்டிவிடப் பார்த்தார். நீளம் ஒரு பிரச்சினையே இல்லை, கூடுதல் துணியை இடுப்பில் மடித்துக் கயிறு கட்டுகிறார்கள், குள்ளமானவருக்கு மடிப்பு பெரிது, உயரமானவருக்குச் சிறிது, புடவைக் கொசுவத்தை ஏற்றி இறக்குகிற மாதிரியேதான். பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் கை வந்தபோது நின்றுபோனது. கிமோனோ துணிச் சுருளின் அகலம் சுமார் 36, 38 செ.மீ.தான், பழையவை இன்னும் குறுகல். முதுகின் நடுவிலிருந்து தோளுக்கு ஒரு அகலம், கைக்கு ஒரு அகலம், தையல் போக மீதி எவ்வளவோ அதுதான் யுகி. அதற்கு மேல் நீட்டத் துணி இருக்காது. பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, அந்தக் காலத்தில் இவ்வளவு நீளக் கை யாருக்கு இருந்தது என்று சொல்லித் தலையைத் தடவிக்கொடுத்தார்.

பேன்ட் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். இடுப்பு எண்ணைப் பார்த்து வாங்கினால் தொடையில் மாட்டும். பார்க்க வேண்டியது வதாரி, அதாவது தொடையின் மேல்பகுதியில் துணியின் அகலம், அப்புறம் மதாஷிதா, உள்கால் நீளம். கடையில் கீழ் ஓரத்தை வெட்டித் தைத்துக் கொடுக்கும் சேவை எங்கேயும் உண்டு, அது குட்டையானவர்களுக்கு வரம். உயரமானவர்கள் உள்பக்கம் திருப்பி மடிப்பில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று செ.மீ. இருந்தால் பிரித்து இறக்கலாம், நான் மூன்று அலுவலகப் பேன்ட்டுகளை அப்படித்தான் காப்பாற்றினேன்.

காலணி இன்னும் தீராத வேதனை. இங்கே காலணி எண் பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். பெண்களுக்குக் கடைகளில் 22.5 முதல் 24.5 வரை வரிசையாக அடுக்கியிருப்பார்கள், 25 ஒன்றிரண்டு இருக்கும். எனக்கு 25.5, அகலம் 3ஈ, அதாவது அகலமான பாதம். ஸ்னீக்கர்களுக்கு ஆண்கள் பகுதிக்குப் போய்விடுவேன், அங்கே 25.5 சிறிய அளவு, அகலமும் தாராளம். அலுவலக விழாவுக்குப் போடுகிற கறுப்புக் காலணிதான் கிடைப்பதில்லை, ஊருக்குப் போகும்போது இரண்டு ஜோடி வாங்கி வருகிறேன். தோல் காலணியில் 25 என்றால் 25 செ.மீ. பாதத்துக்கு என்று அர்த்தம், ஸ்னீக்கரில் நான் அரை செ.மீ.யிலிருந்து ஒரு செ.மீ. கூட்டித்தான் எடுக்கிறேன். முதல் வருடம் இது தெரியாமல் இரண்டு கால் நகங்கள் கறுத்துப்போயின.

போட்டுப் பார்க்கும் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். பெண்களுக்கு முகத்தை மூடிக்கொள்ள மெல்லிய துணிப்பை ஒன்று கொடுப்பார்கள், ஒப்பனை துணியில் ஒட்டாமல் இருக்க. வெளியே நிற்கும் பணிப்பெண் எப்படி இருக்கிறது என்று கேட்பார். முதல் சில வருடங்கள் நான் “கித்சுய்”, இறுக்கம், என்று மட்டும் சொல்வேன், அவர்கள் பெரிய அளவைக் கொண்டுவருவார்கள், மறுபடி கை எட்டாது. இப்போது “தாகே கா மிஜிகாய்”, நீளம் போதவில்லை, என்று சொல்கிறேன். இந்த ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. இருந்தால் நீளமான வேறு மாதிரியைத் தேடி எடுத்து வருவார்கள், இல்லையென்றால் இணையத்தில் “தோரு சைசு” என்று தேடுங்கள் என்று எழுதியே கொடுத்தார் ஒருவர். டால் சைஸ் என்பதன் ஜப்பானிய உச்சரிப்பு அது. யூனிக்லோவில்கூட பெரிய அளவுகள் சில இணையத்தில் மட்டும்தான் இருக்கும், கடையில் தேடிவிட்டு இல்லை என்று திரும்பிவிடாதீர்கள்.

தள்ளுபடிக் காலம் ஜனவரியும் ஜூலையும். என் அளவில் கடைக்கு ஒன்றோ இரண்டோதான் வருகிறது, தள்ளுபடி வரை காத்திருந்தால் 7, 9தான் மிஞ்சும். ஆகஸ்ட் வெயிலில் வியர்த்துக்கொண்டே இலையுதிர்கால உடைகளை வாங்கிவிட வேண்டும், அப்போதே கடையில் வந்து தொங்கும். “ஃப்ரீ சைஸ்” என்று எழுதியதை நான் எடுப்பதில்லை. அது யாருக்கு ஃப்ரீயோ, நமக்கு இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது குழந்தைகள் அளவுதான். 90, 100, 110, 120 என்று நேரடியாக உயரம். வயது எழுதுவதில்லை, எழுத்து இல்லை, பெரிசு சின்னது என்ற பேச்சே இல்லை. என் மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், இப்போது 120. போன மாதம் கடையில் அவளே சட்டையின் கழுத்தைப் புரட்டிச் சீட்டைப் படித்துவிட்டு, “அம்மா, இது 110, எனக்குக் கை எட்டாது” என்று திரும்ப மாட்டிவிட்டு, அடுத்ததை எடுக்கப் போய்விட்டாள்.