மேய்ச்சல் தரைக்கு மண் பரிசோதனை: யாழ்ப்பாணத்து ஆய்வுகூடச் சேவை ஒன்றின் மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் மண் பரிசோதனை செய்விப்பவர்கள் பெரும்பாலும் வெங்காயம், மிளகாய், புகையிலை செய்யும் தோட்டக்காரர்களே. மாடு மேயும் தரவைக்குப் பணம் கொடுத்து மண்ணைச் சோதிப்பது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. தொண்டைமானாற்றுக் கடலேரிக் கரையை ஒட்டிய எங்கள் மேய்ச்சல் காணியின் மேட்டுத் துண்டுக்கும் கரைத் துண்டுக்கும் தனித்தனியே தனியார் ஆய்வுகூடம் ஒன்றின் சேவையைப் பெற்றேன். ஆய்வுகூடத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறைகளிற் பல அவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. தோட்ட மண்ணுக்கென அமைந்த பரிசோதனைப் பொதி ஒன்றை மேய்ச்சல் தரைக்கு அப்படியே விற்கும் எவருடைய அறிக்கையிலும் அவை இருக்கும்.

மாதிரி எடுத்த விதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. வந்த தம்பி காணியை வளைந்து வளைந்து நடந்து பல இடங்களிற் குழாயை இறக்கினார். மாடுகள் படுக்கும் வேம்பின் நிழலையும் தண்ணீர்த் தொட்டியடியையும் தாமாகவே தவிர்த்தார். அது தெரிந்தவர் செய்யும் வேலை. மாடு உண்ணும் புல்லில் உள்ள நைதரசனில் ஏறத்தாழ முக்காற்பங்கோ அதற்கு மேலோ சாணமாகவும் மூத்திரமாகவும் வெளியேறுகிறது; அது காணி முழுவதும் சமமாக விழாமல், மாடு நிற்கும், படுக்கும், கட்டப்படும் இடங்களிலேயே குவிகிறது. ஒரு மூத்திரத் திட்டில் விழும் நைதரசனை ஹெக்டேயருக்குக் கணக்கிட்டால் பல நூறு கிலோகிராமாகும். பெரிய கறவை மாடுகளில் ஆயிரத்தையும் எட்டும். கட்டையடித்துக் கயிற்றில் மேய்க்கும் நம்மூர் வழக்கத்தில் இந்தக் குவிவு இன்னும் கூடும். எனவே கட்டையடி மண்ணைத் தனி மாதிரியாக எடுக்கும்படி கேட்டிருந்தேன். மேலதிகக் கட்டணம் கேட்டாலும் மறுக்காமற் செய்தார்கள்.

அறிக்கையில் முதலில் கண்ணிற்படுவது சேதனக் காபன் சதவீதம், அதாவது உக்கிய புல், வேர், சாணம் போன்றவற்றிலிருந்து மண்ணிற் சேர்ந்த காபனின் அளவு. அதை அளந்த முறை 1934இல் வோக்லி, பிளாக் என்ற இருவர் வெளியிட்ட பழைய முறை: பொற்றாசியம் இருகுரோமேற்றும் செறிந்த சல்பூரிக்கமிலமும் சேர்த்து மண்ணின் சேதனப் பொருளை ஒட்சியேற்றி, செலவான இருகுரோமேற்றிலிருந்து காபனைக் கணக்கிடுவது. முழுக் காபனும் இதிற் சிக்குவதில்லை. முக்காற்பங்கே அகப்படும் என்ற கணக்கில் விடையை ஏறத்தாழ 1.3 ஆற் பெருக்குகிறார்கள். இதே ஆய்வுகூடம், மண்ணை உயர்வெப்பத்தில் எரித்து வெளியேறும் காபனீரொட்சைட்டை அளக்கும் புதிய முறையையும் கூடிய விலைக்கு வழங்குகிறது. வரவேற்பு மேசையில் இருந்தவர் அதையே பரிந்துரைத்தார். யாழ்ப்பாணத்து மண்ணுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். நமது குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. மண்ணில் பத்துச் சதவீதம் கல்சியம் காபனேற்று இருந்தாலே அதிலிருந்து 1.2 சதவீதக் காபன் வந்துவிடும். அமிலமிட்டு அதை முன்னதாக அகற்றாமல் எரித்தால், புல்லும் வேரும் சேர்த்துவைத்த காபனோடு கல்லின் காபனும் கூடிவரும். அமிலமிடுகிறீர்களா என்று கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. மலிவான பழைய முறைக்குச் சுண்ணாம்பு இடைஞ்சல் இல்லை. எனவே பழைய முறையையே தெரிந்தேன்.

ஆனால் அந்தப் பழைய முறைக்கும் ஒரு பகை உண்டு, அது உப்பு. உப்பில் உள்ள குளோரைட்டும் இருகுரோமேற்றைச் செலவழிக்கும், அந்தச் செலவு காபனின் கணக்கில் எழுதப்படும். மண்ணில் ஒரு சதவீதம் குளோரைட்டு இருந்தால் அது ஏறத்தாழ 0.08 சதவீதக் காபன் போலத் தோன்றும், 1.3 ஆற் பெருக்கிய பின் 0.1 ஆகும். சிறிய எண் என்று விட்டுவிட முடியாது. எங்கள் கரைத் துண்டில் புல் மெலிந்து, கோடையில் உப்புப் பூத்துக் கிடக்கும். அறுகு அடர்ந்த மேட்டுத் துண்டைவிட அங்கே காபன் சற்றுக் கூடுதல் என்று அறிக்கை சொல்கிறது. நிலத்தைப் பார்த்த எவரும் நம்பாத முடிவு இது. குளோரைட்டைத் தனியே அளந்து அதன் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கழிப்பதோ, வெள்ளிச் சல்பேற்றுச் சேர்ப்பதோ பழைய, எளிய திருத்தங்கள். கடலேரிகள் ஊடறுக்கும் குடாநாட்டில் தொழில் செய்யும் ஆய்வுகூடம் ஒன்று அவற்றை வாடிக்கையாளர் கேட்கும்வரை வைத்திருக்கக் கூடாது.

இன்னொரு பெரிய இடைவெளி மண்ணின் பருமனடர்த்தி, அதாவது குறித்த கன அளவு மண்ணில் உள்ள உலர்மண்ணின் நிறை. காபன் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அறியச் சதவீதம் மட்டும் போதாது. 30 சென்ரிமீற்றர் ஆழம், கன மீற்றருக்கு 1.4 தொன் அடர்த்தி, 1 சதவீதக் காபன் என்று வைத்தால் ஹெக்டேயருக்கு 42 தொன் காபன் வரும். இந்தக் கணக்கில் மேற்சொன்ன 0.1 சதவீத உப்புப் பிழை மட்டுமே 4 தொன்னுக்கு மேல். நல்ல பராமரிப்பில் ஒரு மேய்ச்சல் தரை பல ஆண்டுகளிற் சேர்க்கக்கூடிய அளவு அது. மாடு மிதித்து மண் இறுகி அடர்த்தி 1.3 இலிருந்து 1.5 ஆனால், காபன் சதவீதம் அசையாமலேயே அதே ஆழத்திற் காபன் 15 சதவீதம் கூடியதாகக் கணக்குக் காட்டும். உலகளவில் காபன் இருப்பு 30 சென்ரிமீற்றருக்கே பெரும்பாலும் கணக்கிடப்படும்போது, இவர்கள் எடுத்ததோ 15 சென்ரிமீற்றர் மண், அடர்த்தி அளக்காமல். ‘உங்கள் காணியின் காபன் சேமிப்பு’ என்ற தலைப்பில் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் வந்த வண்ண வரைபடத்தை எந்தத் திட்டத்துக்கும் எவரும் சான்றாகக் கொடுக்க வேண்டாம்.

அதே பக்கத்தில், மேய்ச்சலைக் குறைத்தால் காபன் கூடும் என்று ஓர் ஆலோசனையும் அச்சாகியிருந்தது. குளிர்நாட்டுப் புற்களுக்கு அது பலவேளை பொருந்தும். ஆனால் 2013இல் வெளியான உலகளாவிய மீளாய்வு ஒன்று, அறுகு போன்ற வெப்பநாட்டுப் புல்வகைகள் மேலோங்கிய தரைகளில் மேய்ச்சல் கூடியபோது மண்காபன் பொதுவாகச் சற்றுக் கூடியதையும், குளிர்நாட்டுப் புற்களில் அது குறைந்ததையும் காட்டியது. புல்லே அற்றுப்போகும்படி மேய்ப்பது எங்கும் கேடுதான். எனினும் எங்கள் அறுகந்தரைக்குப் பொதுவான ஒரு வாக்கியத்தை ஒட்டிவிடுவது ஆலோசனை ஆகாது.

நைதரசன் பகுதி இதைவிடப் பயனுள்ளது. மொத்த நைதரசனை, மண்ணை அமிலத்திற் சிதைத்து அளக்கும் கெல்டால் முறையில் அளந்து, காபனுக்கும் நைதரசனுக்கும் உள்ள விகிதத்தையும் தந்திருந்தார்கள். மேட்டுத் துண்டில் விகிதம் வழமையான பத்து பன்னிரண்டை ஒட்டியே இருந்தது. கட்டையடியில் அதற்குக் கீழே இறங்கியிருந்தது, எதிர்பார்த்தபடியே. முன்சொன்ன 1.4 அடர்த்தியில், மேல் 15 சென்ரிமீற்றரில் 0.1 சதவீத நைதரசன் என்றால் ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 2100 கிலோகிராம். பார்த்தவுடன் இனி யூரியா எதற்கு என்று தோன்றும். ஆனால் அதன் பெரும்பகுதி சேதனப் பொருளோடு பிணைந்திருக்கிறது. ஆண்டுக்கு 2 சதவீதம் விடுபடுகிறது என்று வைத்தால் பயிருக்குக் கிடைப்பது 42 கிலோகிராம், அதாவது 90 கிலோகிராம் யூரியாவில் உள்ள அளவு. இந்த விளக்கத்தைத் தொலைபேசியிற் கேட்டபோது அங்குள்ள உத்தியோகத்தர் அம்மா பொறுமையாகவும் சரியாகவும் சொன்னார். அதை அறிக்கையிலேயே எழுதியிருக்கலாம்.

பசளைப் பரிந்துரை மட்டும் தோட்டத்துக்குரிய பழைய படிவம். சுண்ணாம்பு மண்ணில் யூரியாவைப் புல்லின் மேல் தூவிவிட்டு மழையோ நீர்ப்பாய்ச்சலோ இல்லாமல் விட்டால் கணிசமான பங்கு அமோனியாவாகக் காற்றிற் போய்விடும். மூத்திரத்தில் உள்ள யூரியாவுக்கும் இதே கதிதான். எஞ்சியது மண்ணின் பற்றீரியாக்களால் நைத்திரேற்றாக மாறி, மாரி மழையோடு வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லின் வழியே கிணற்றுக்குப் போகிறது. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்; யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்படுவது பல ஆய்வுகளிற் பதிவானது. அதற்குத் தோட்டப் பசளையை மட்டும் காரணம் சொல்வோர், கிணற்றடியிலேயே மாட்டைக் கட்டும் நமது பழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த ஆய்வுகூடம் கிணற்றுநீர் நைத்திரேற்றுப் பரிசோதனையையும் தனியே செய்கிறது. மண் அறிக்கையோடு அதையும் சேர்த்துச் செய்வித்ததே நான் கொடுத்த பணத்தில் மிகுந்த பயன் தந்தது. அதன் பிறகு கட்டையைக் கிணற்றிலிருந்து விலக்கி, கிழமைக்கொருமுறை இடம் மாற்றுகிறோம்.

அறிக்கை சொன்ன நாளில் வந்தது. தமிழில், பிழை குறைவாக. கட்டணம் தோட்டப் பரிசோதனைக்குச் சமம். கால்நடை வளர்ப்போர் இதைச் செய்விக்கலாம், ஆனால் சில விடயங்களை மாதிரி கொடுக்கும்போதே எழுத்திற் கேட்க வேண்டும்: எந்த ஆழம், எந்த முறை, உப்புத் திருத்தம் உண்டா. பருமனடர்த்திக்கு உலோக வளையம் கொண்டுவந்து அளப்பதாக இப்போது மேலதிகக் கட்டணத்துடன் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கரைத் துண்டின் மண்ணைக் குளோரைட்டு அளவோடு மீண்டும் பார்க்கும்படி கொடுத்திருக்கிறேன். அதையும் மேட்டுத் துண்டின் மறுமாதிரியையும் ஒரே பருவத்தில், மாரி தொடங்குவதற்கு முன் எடுக்கும்படி கேட்டிருக்கிறேன்.