வேலை கிடைத்துவிட்டதாக வரும் மெயில்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். என் அக்கா மகள் விருதுநகர் பக்கம் மெக்கானிக்கல் படித்தவள். பெரிய கார் கம்பெனி ஒன்றின் பெயரில் வந்த மெயிலை நம்பி அக்கா குடும்பம் 23,300 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறது. மகளிர் குழுவில் கடன் வாங்கிய பணம் அது. அந்தக் கார் கம்பெனிக்கும் இந்த மெயிலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அதனால் அதன் பெயரைச் சொல்லவில்லை. நாளைக்கு இதே கடிதம் வேறு கம்பெனி பெயரில் உங்கள் வீட்டுக்கு வரும்.

முதல் மெயிலில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் ரெஸ்யூம் தேர்வாகியிருக்கிறது, மார்க் ஷீட், ஆதார் நகல்களை அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டிருந்தார்கள். அடுத்து ஆன்லைனில் ஒரு சிறு தேர்வு. அதில் பாஸ் என்று சொன்ன பிறகுதான் ஆஃபர் லெட்டர் பி.டி.எஃப். ஆக வந்தது. லோகோ, வட்ட முத்திரை, நீல மையில் கையெழுத்து, சம்பள விவரம், புனேயில் நேர்காணல், போய்வர விமான டிக்கெட் எல்லாம் அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் 8,500 ரூபாய் காப்புத்தொகை, நேர்காணல் அன்றே திருப்பித் தரப்படும், 48 மணி நேரத்துக்குள் கட்டாவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போகும் என்று எழுதியிருந்தது. கட்டச் சொன்ன கணக்கு தனி ஆள் ஒருவரின் சேமிப்புக் கணக்கு. கேட்டதற்கு அவர் கம்பெனி அக்கவுண்டன்ட் என்று போனில் பதில் வந்திருக்கிறது.

அதைக் கட்டியதும் மெடிக்கலுக்கும் லேப்டாப் இன்சூரன்ஸுக்கும் 14,800. அதையும் கட்டிய பிறகு, காப்புத்தொகைக்கு ஜி.எஸ்.டி. என்று 19,000 கேட்டிருக்கிறார்கள். அப்போதுதான் அக்கா எனக்கு போன் செய்தாள். "ஏன்டா தம்பி, வேலைக்குச் சேர்றதுக்கு ஜி.எஸ்.டி. உண்டாடா?" என்று கேட்டாள். அவளுடைய அந்தச் சந்தேகம்தான் மூன்றாவது தொகையைக் காப்பாற்றியது.

மெயிலைத் திறந்து பார்த்தேன். போனில் பார்த்தால் அனுப்பியவர் இடத்தில் கம்பெனி பெயரும் 'ஹெச்.ஆர்.' என்பதும்தான் தெரிந்தன. அந்தப் பெயரை அனுப்புகிறவர் தம் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளலாம். தபால் உறையின் பின்பக்கம் யார் வேண்டுமானாலும் எந்த முகவரியையும் எழுதலாம் அல்லவா, அது போலத்தான். மெயில் போக்குவரத்துக்கான எஸ்.எம்.டி.பி. விதிமுறை 1982-இல் வந்தது. அனுப்புகிறவர் உண்மையிலேயே அவர்தானா என்று சரிபார்க்கும் வேலை அதில் சேர்க்கப்படவில்லை. அந்தக் குறையை அடைக்கப் பின்னாளில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்ற மூன்று சோதனைகளைக் கொண்டுவந்தார்கள்.

ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, மெயிலின் வலது பக்கம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும். இந்த மூன்று சோதனைகளின் முடிவும் அங்கே இருக்கும். அக்கா மகளுக்கு வந்த மெயிலில் மூன்றுமே 'பாஸ்'. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களே ஏமாறுகிற இடம் இது. அந்தச் சோதனைகள் மெயில் அந்த டொமைனிலிருந்துதான் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) புறப்பட்டது என்பதை மட்டுமே சொல்கின்றன. அந்த டொமைன் யாருடையது, அவர் யோக்கியரா என்பதை அவை பார்ப்பதில்லை. இந்த மெயிலில் அந்த இடத்தில் கம்பெனி பெயர், ஒரு சிறு கோடு, அதற்கப்புறம் 'கேரியர்ஸ்' என்று இருந்தது. சில நூறு ரூபாய் கொடுத்தால் இப்படி ஒரு டொமைனை யாரும் வாங்கலாம். ஒரு டொமைனை எப்போது பதிவு செய்தார்கள் என்று காட்டும் 'ஹூ ஈஸ்' தேடலில் போட்டுப் பார்த்தேன், அதை முந்தின மாதம்தான் பதிவு செய்திருக்கிறார்கள். பல பத்தாண்டுகளாகக் கார் விற்கிற கம்பெனிக்குப் போன மாதத்து டொமைன் எப்படி இருக்கும்? பதில் போகும் முகவரியும் வேறு, ஓர் இலவச மெயில் கணக்கு.

உடனே 1930-க்கு அடித்தோம். இது நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். பணம் போன வங்கி, தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கேட்டார்கள். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிந்தோம். ஆனால் பணம் கட்டிப் பல நாள் ஆகியிருந்தது. அந்தக் கணக்கிலிருந்து பெரும்பகுதி வேறு கணக்குகளுக்குப் போய்விட்டது, மிச்சமிருந்த சிறு தொகையை மட்டும் முடக்கினார்கள். அது கைக்கு வர நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் 1930-ஐக் கூப்பிட்டால் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுக்க வழி உண்டு. வீட்டில் திட்டுவார்களே என்று பிள்ளைகள் மறைக்கிற நேரத்தில்தான் அந்த வழி அடைபடுகிறது. தயவுசெய்து யாரும் அவர்களைத் திட்டாதீர்கள், முதலில் போனை எடுங்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். புகார் கொடுத்த கொஞ்ச நாளில், 'சைபர் குற்றப் பிரிவு' என்ற பெயரில் அக்கா மகளுக்கு ஒரு மெயில் வந்தது. உங்கள் பணம் மீட்கப்பட்டுவிட்டது, நடைமுறைக் கட்டணம் கட்டினால் கணக்கில் ஏறும் என்று எழுதியிருந்தார்கள். ஒருமுறை ஏமாந்தவரின் முகவரிக்கு இந்தக் கூட்டத்தில் விலை அதிகம். பணத்தை மீட்டுத் தரப் போலீஸ் கட்டணம் வாங்காது. அதே மாதிரி, ஆபாசப் படம் பார்த்ததாகப் பயமுறுத்தி, அரசு முத்திரையுடன் வரும் 'சம்மன்' மெயில்களும் போலி. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பி.ஐ.பி.யின் உண்மைச் சரிபார்ப்புப் பிரிவே அதை அறிவித்திருக்கிறது.

இவள் வேலை தேடுகிறாள், மெக்கானிக்கல் படித்தவள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அவள் ரெஸ்யூம் ஏற்றியிருந்தது ஒரே ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, ஜிமெயில் பெயருக்குப் பின்னால் ஒரு பிளஸ் குறி, அதன் பின் அந்தத் தளத்தின் பெயர் என்று சேர்த்து, அந்த முகவரியில் புதிதாக ஒரு கணக்கு தொடங்கினேன். பிளஸ் குறிக்குப் பின் என்ன எழுதினாலும் மெயில் நம் பெட்டிக்கே வரும். வேறெங்கும் கொடுக்காத அந்த முகவரிக்கும் 'தேர்வாகியுள்ளீர்கள்' மெயில்கள் வர ஆரம்பித்தன. தளத்தாரிடம் கேட்டேன். சந்தா கட்டும் நிறுவனங்களுக்கு விண்ணப்பதாரர் விவரம் தெரியும், அவர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அச்சடித்த மாதிரி பதில் வந்தது. சந்தா கட்டுகிறவர் யார் என்று பார்க்காமல் பிள்ளைகளின் போன் நம்பரையும் மெயிலையும் திறந்துவிடுகிறவர்களுக்குப் பொறுப்பு இல்லாமல் எப்படிப் போகும்?

அமெரிக்காவில் 2003-லேயே, கேட்காமல் வந்து குவியும் ஸ்பேம் மெயிலுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் போன் அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் இருக்கின்றன, மெயிலுக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு உண்டு. மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஆனால் ஆள் பிடிபட்டால்தானே.

இப்போது அவளுக்கு ரெஸ்யூமுக்கென்று தனி மெயில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். வங்கி, ஆதார் தொடர்பான எதுவும் அதில் கிடையாது. ரெஸ்யூமில் பிறந்த தேதி, அப்பா பெயர், வீட்டு முகவரியை எடுத்துவிட்டோம். சந்தேக மெயில்களை வெறுமனே அழிக்காமல் 'ஸ்பேம்' என்று குறிக்கச் சொல்லியிருக்கிறேன், அப்போதுதான் வடிகட்டி கற்றுக்கொள்ளும். நாமாகப் பதிந்த கடைகளின் விளம்பர மெயில் என்றால் 'அன்சப்ஸ்கிரைப்' அழுத்தலாம். முன்பின் தெரியாதவர் மெயிலில் அதை அழுத்தக் கூடாது, இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே சொன்னதாகிவிடும். ஆஃபர் எதுவாக இருந்தாலும், மெயிலில் உள்ள இணைப்பையோ எண்ணையோ தொடாமல், கம்பெனியின் தளத்துக்கு நாமே போய் அங்குள்ள எண்ணில் கேட்க வேண்டும். சேருவதற்கு முன் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால், வெறுப்பில் அந்த மெயில்களை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, எந்த சர்வர் வழியாக வந்தது என்பது அதில் தெரியாது. சாதாரணமாக ஃபார்வர்டு செய்தாலும் அந்த விவரம் போய்விடும். 'ஷோ ஒரிஜினல்' பக்கத்திலேயே 'டவுன்லோட் ஒரிஜினல்' என்று இருக்கும். அதை இறக்கி, பணம் கட்டிய ரசீதுகளோடு புகாரில் சேர்த்துவிடுங்கள்.