போதாமையா, பற்றாக்குறையா?

ஒரு பள்ளியில் 12 ஆசிரியர்கள் இருக்க வேண்டிய இடத்தில் 8 பேர்தான் என்றால், அது ஆசிரியர் பற்றாக்குறை. அந்த 8 பேரில் ஒருவருக்குப் பின்னக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வரவில்லை என்றால், அது அவருடைய போதாமை. முன்னது, நாலு பேரை வேலைக்கு எடுத்தால் தீர்ந்துவிடும். பின்னது அப்படித் தீராது.

பற்றாக்குறை என்பது கழித்தல் கணக்கு. அரசின் மொத்தச் செலவிலிருந்து கடன் சேராத வரவைக் கழித்தால் நிதிப் பற்றாக்குறை எவ்வளவு என்று தெரிந்துவிடும். எண்ணாக இருப்பதால்தான் 2003-ல் அதைக் குறைக்க ஒன்றிய அரசால் சட்டமே கொண்டுவர முடிந்தது.

போதாமைக்கு அப்படி எண் கிடையாது. ஒரு மொழிபெயர்ப்பின் போதாமை, ஒரு வாதத்தின் போதாமை, ஒரு சட்டத்தின் போதாமை என்கிறோம். மொழிபெயர்ப்போ வாதமோ சட்டமோ இருக்கிறது, ஆனால் எட்ட வேண்டிய இடத்தை எட்டவில்லை. இயலாமையிலிருந்து இது விலகுவதும் இங்கேதான்: இயலாதவரால் செய்யவே முடியாது, போதாமை உள்ளவர் செய்கிறார், நிறைவாக அமைவதில்லை. தாழ்வு மனப்பான்மையோடும் இதைச் சேர்க்கக் கூடாது. பிறரைவிடத் தான் மட்டம் என்று குமைவது அது. தன் போதாமையை அறிவது நேர்மையான மதிப்பீடாகவே இருக்கலாம். இவ்வளவு நுட்பமான சொல் கையில் இருக்கும்போது 'விழிப்புணர்வுப் பற்றாக்குறை', 'புரிதல் பற்றாக்குறை' என்று எழுதுவதைப் படித்தால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. புரிதலை மூட்டைக் கணக்கில் அளக்க முடியுமா?

குறைபாடு பொருளுக்குள்ளேயே இருக்கும் பழுது. தட்டில் கீரையும் பருப்பும் குறைந்தால் பற்றாக்குறை. அதனால் உடலில் இரும்புச்சத்து குறைந்தால் குறைபாடு. தட்டுப்பாடு, காசு கொடுத்தாலும் கிடைக்காத நிலை. 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அது தட்டுப்பாடு.

அப்புறம் ஒரு விஷயம். வினையாக வரும்போது இந்தப் பிரிவினை தளர்ந்துவிடுகிறது. பணமும் போதாது, திறமையும் போதாது. பேச்சில் 'பத்தலை' என்கிறோம். அது 'பற்றவில்லை' என்பதன் பேச்சு வடிவம்தான். யாழ்ப்பாணத்தில் 'காசு காணாது' என்பார்கள். அதனால் எந்தப் பெயர்ச்சொல்லைப் போடுவது என்று தயக்கம் வந்தால், 'மருந்துப் பற்றாக்குறை நிலவுகிறது' என்று நீட்டாமல் 'மருந்து போதவில்லை' என்று எழுதிவிடலாம்.