செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடை

சேலத்தில் கொலுசு வாங்க செவ்வாய்ப்பேட்டைக்கே போங்கள். திருநங்கையான என் தோழியோடு அங்கே ஒரு சின்னக் கடைக்குப் போனேன். வேறொரு கடையில் அவளைப் பார்த்ததுமே "ஜென்ட்ஸ் காப்பு அந்தப் பக்கம்" என்று கை காட்டியிருந்தார்கள். இங்கே "யாருக்கு?" என்றுகூடக் கேட்கவில்லை. "சலங்கை வச்சதா, சத்தமில்லாததா சொல்லும்மா" என்று அவளிடமே கேட்டு, கணுக்காலை நூலால் அளந்து, ரெடிமேடில் அந்த அளவு இல்லாததால் கண்ணி சேர்த்துக் கொடுத்தார் பெரியவர். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

நம் வீடுகளில் ஆண் குழந்தைக்கும் கொலுசு போடுகிறோம்தானே? அப்புறம் கொஞ்சம் வளர்ந்ததும் "நீ பையன்டா" என்று கழற்றிவிடுகிறோம், அதற்குப் பிறகு எதை விரும்பலாம் என்பதையே மற்றவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு, அதற்கு அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. கல்லாவில் இருப்பவருக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

செய்கூலி கொஞ்சம் அதிகம், டிசைனும் குறைவு. பில்லில் திரு, திருமதி மட்டும்தான் அச்சடித்திருக்கிறார்கள், அதை எடுத்துவிட்டு வெறும் பெயர் போதும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.