டைமண்ட் ஹெட்டின் வெள்ளை அட்டை ஆல்பம்: அசலைக் கேட்டீர்களா?

'ஆம் ஐ ஈவில்?', 'ஹெல்ப்லெஸ்', 'தி பிரின்ஸ்', 'இட்ஸ் எலெக்ட்ரிக்'. அமெரிக்க ஹெவி மெட்டல் ராக் குழுவான மெட்டாலிகாவைக் கேட்பவர்களுக்கு, அவர்கள் திரும்ப வாசித்துப் பதிவு செய்த இந்த நாலும் மனப்பாடம். நானும் ரொம்ப நாள் 'ஆம் ஐ ஈவில்?' அவர்கள் பாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாலுமே இங்கிலாந்தின் டைமண்ட் ஹெட் போட்ட முதல் ஆல்பத்தில் இருப்பவை, அதுவும் மொத்தம் 7 பாட்டே உள்ள ஆல்பம், என்று தெரிந்த அன்று அசலைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அன்றிலிருந்து மெட்டாலிகாவின் பதிவுகளுக்குத் திரும்பிப் போவது குறைந்துவிட்டது.

1976-ல் ஸ்டவர்பிரிட்ஜில் தொடங்கிய குழு. பாட்டுக்கு ஷான் ஹாரிஸ், கிடாருக்கு பிரையன் டாட்லர், பேஸுக்கு கொலின் கிம்பர்லி, ட்ரம்ஸுக்கு டங்கன் ஸ்காட். பெரிய இசைத்தட்டுக் கம்பெனி எதுவும் ஒப்பந்தம் போட வராததால், 1980-ல் வூஸ்டரில் ஒரு ஸ்டுடியோவில் ஒரு வாரம் போலப் பதிவு செய்து, தாங்களே 1000 பிரதி அச்சடித்தார்கள். அட்டை வெறும் வெள்ளை. ஆல்பத்துக்குப் பெயர் கிடையாது, பாட்டுப் பட்டியல் கிடையாது, குழுவில் ஒருவரின் கையெழுத்து மட்டும். தபாலில் விற்றார்கள். முதல் பாட்டின் பெயரான 'லைட்னிங் டு தி நேஷன்ஸ்' ஆல்பத்தின் பெயராக நிலைத்தது பிறகுதான்.

சரி, பாட்டுக்கு வருவோம். 'ஆம் ஐ ஈவில்?' ஏழரை நிமிடத்துக்கு மேல் ஓடும். ஆரம்பத்தில் ஒரு ராணுவ அணிவகுப்பு மாதிரி கனமாக அடி விழும். ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' என்ற ஆர்கெஸ்ட்ரா இசையைக் கேட்டவர்களுக்கு அந்த நடை எங்கிருந்து வந்தது என்று உடனே பிடிபடும். அதற்கப்புறம் எல்லாம் அடங்கி, டாட்லர் தனியாக, இரண்டு கை விரலாலும் தந்தியைத் தட்டித் தட்டி ஒரு சின்ன ஓட்டம் ஓடுவார், அது முடிகிற இடத்தில்தான் அந்தப் பிரதான ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு, வந்து விழும். இதில் எனக்குப் பிடித்தது அந்த ரிஃபின் நிதானம். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே இடம் விட்டு வாசிக்கிறார், அந்த இடைவெளிதான் பயமுறுத்துகிறது. தாயைச் சூனியக்காரி என்று எரித்துவிட்டார்கள், மகன் பழிவாங்கக் கிளம்புகிறான், கதை அவ்வளவுதான். ஆனால் பாட்டு நடுவில் வேகம் பிடித்து ஓடும்போது அவன் ஊருக்குள் வந்துவிட்டான் என்று உடம்புக்குத் தெரிகிறது. மெட்டாலிகா இதை இறுக்கி, கூர் தீட்டி வாசித்தார்கள், அது நன்றாகவே இருக்கிறது, ஆனால் இந்த மூச்சு அதில் இல்லை.

இன்னொன்று ஹாரிஸின் குரல். அந்தக் காலத்து மெட்டல் பாடகர்கள் பலரும் கத்தியே ஆளை அடிப்பார்கள். இவர் இழைவார், கொஞ்சம் கெஞ்சுவார், திடீரென்று மேலே தாவுவார். 'ஹெல்ப்லெஸ்' அந்த வேகத்தில் போகும்போதும் வரிகளை அவசரமில்லாமல் பாடுகிறார். 'இட்ஸ் எலெக்ட்ரிக்'கில் தானும் ஒரு ராக் ஸ்டார் ஆகப்போகிறேன் என்று பாடுகிறார். வெள்ளை அட்டையில் கையெழுத்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்த, இருபது வயதை ஒட்டிய பையன்கள் இதை முழு நம்பிக்கையோடு பாடுவதைக் கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

குறை இல்லாமல் இல்லை. ட்ரம்ஸ் ஒலி மெலிசு, குறைந்த செலவில் பதிவு செய்தது தெரிகிறது. 'ஸ்வீட் அண்ட் இன்னசென்ட்' சாதாரணம், நான் தாண்டிப் போய்விடுவேன். ஒன்பதரை நிமிட 'சக்கிங் மை லவ்' வரிகளில் ஒன்றுமே இல்லை, ஆனால் அதில் ரிஃப்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும், அதற்காகவே முழுதாகக் கேட்கலாம். ஹெவி மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சாபத்தின் முதல் நாலு ஆல்பத்தில் இருப்பதைவிட இவர்களின் ஒரே பாட்டில் நல்ல ரிஃப்கள் அதிகம் என்று அப்போது சவுண்ட்ஸ் பத்திரிகையில் எழுதினார்கள். அது ரொம்ப அதிகம். ஆனால் இந்த ஒன்பதரை நிமிடத்தைக் கேட்டால் அப்படி எழுதத் தூண்டியது எது என்று புரிந்துவிடும்.

இத்தனை இருந்தும் பேர் பெரிதாக வராததற்குக் காரணங்கள் உண்டு. மூல ஒலிநாடா ஒரு ஜெர்மன் கம்பெனிக்குப் போய், வருடக்கணக்கில் திரும்பி வரவில்லை. எம்சிஏ கம்பெனியில் சேர்ந்து 1982-ல் 'பாரோட் டைம்' போட்டபோது இதிலிருந்து இரண்டு பாட்டை மறுபடி பதிவு செய்தார்கள். ஒலி சுத்தமாக இருக்கிறது, சூடு ஆறிப்போயிருக்கிறது.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இதே பெயரில் 2020-ல் வேறு பாடகரோடு முழு ஆல்பத்தையும் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டார்கள். கிடார் ஒலி அதில் பிரமாதம், மெட்டாலிகாவின் 'நோ ரிமோர்ஸ்'ஸையும் பதிலுக்கு வாசித்திருக்கிறார்கள். ஆனால் முதலில் வாங்க வேண்டியது அது அல்ல. பாடகர் ஷான் ஹாரிஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஆரம்பகால சிங்கிள்களையும் (ஆல்பத்துக்கு வெளியே தனியாக வந்த பாட்டுகள்) கூடுதலாகச் சேர்த்த பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது, 'ஷூட் அவுட் தி லைட்ஸ்' ஒன்றுக்காகவே கொஞ்சம் அதிகம் கொடுக்கலாம்.