வி-கிராஸுக்கு சஸ்பென்ஷன் மாத்துறதுக்கு முன்னாடி வண்டிய எடை போடுங்க: ஓல்ட் மேன் ஈமு கிட், 14,000 கிலோமீட்டர் ஓட்டின அனுபவம்

என்கிட்ட இருக்கிறது 2018 இசுசு வி-கிராஸ் பிக்கப், 2.5 லிட்டர் மேனுவல். கோயம்புத்தூர்ல இருந்து ரெண்டு தடவ இமாச்சல் ஸ்பிதி, ஒரு தடவ குஜராத் கட்ச் போயிட்டு வந்தாச்சு, அது போக லீவு கிடைச்சா பர்கூர் மலை, வால்பாறைன்னு சுத்திட்டே இருக்கிற வண்டி. மனைவியும் பையனும் கூட வருவாங்க, தூக்கம் கேனோபி (பின் தொட்டி மேல மாட்டுற கூண்டு) மேல இருக்கிற டென்ட்ல, சமையல் பின் கதவத் திறந்து போட்டு. இதுக்கு ரெண்டு தடவ சஸ்பென்ஷன் மாத்திட்டேன். முதல் தடவ தப்பா, ரெண்டாவது தடவ சரியா. இப்ப இருக்கிறது ஓல்ட் மேன் ஈமுங்கிற ஆஸ்திரேலிய பிராண்டோட நைட்ரோசார்ஜர் ஸ்போர்ட் ஷாக், முன்னாடி காயில் ஸ்பிரிங், பின்னாடி பட்டை (லீஃப் ஸ்பிரிங்) செட். இத எப்படித் தேர்ந்தெடுத்தேன்னு எழுதுறதுதான் கிட் நல்லா இருக்கு இல்லைன்னு சொல்றத விட உங்களுக்கு உபயோகமா இருக்கும்னு நினைக்கிறேன்.

முதல்ல ஒண்ணு, கம்பெனி சஸ்பென்ஷன் மோசம்னு நான் சொல்லவே மாட்டேன். முன்னாடி டபுள் விஷ்போன், காயில் ஸ்பிரிங், பின்னாடி சாஃப்ட் ரைடு லீஃப், ஊருக்குள்ளயும் ஹைவேலயும் நாலு பேரோட போறதுக்கு அது அருமையா இருக்கும். நான்தான் அது மேல வீட்டையே ஏத்தினேன். கேனோபி, டென்ட், ஃபிரிட்ஜ், ரெண்டாவது பேட்டரி, 60 லிட்டர் தண்ணி, ரெண்டு டீசல் கேன், இரும்பு ட்ராயர். பின்னாடி உக்காந்து போச்சு, ஹெட்லைட் எதிர்ல வர்ற லாரி டிரைவர் கண்ணுல அடிக்க ஆரம்பிச்சுது, ஸ்பீட் பிரேக்கர்ல எல்லாம் பின்பக்கம் டொக்குன்னு பம்ப் ஸ்டாப்புல, அதாவது கடைசியா தாங்குற ரப்பர் கட்டையில, போய் நின்னுது.

அப்ப ஒரு கடையில போய் கேட்டேன், எந்த ஊர், எந்தக் கடை, எந்த பிராண்டுன்னு எழுதப் போறதில்ல. 3 இன்ச் தூக்கிடலாம் சார், லுக்கு செமையா இருக்கும்னு சொன்னாங்க, வண்டியில என்ன எடை இருக்குன்னு அவங்களும் கேக்கல, நானும் சொல்லல. போட்ட முன் காயில் புல் பாரும் (மூக்குல மாட்டுற இரும்புத் தடுப்பு) வின்ச்சும் (சிக்கின வண்டிய இழுக்கிற கேபிள் மோட்டார்) மாட்டின வண்டிக்கானது, அது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. வெளிநாட்டுல டூரிங் பிக்கப்புன்னா முன்னாடி இரும்பு பாரும் வின்ச்சும் சேர்ந்து 80, 90 கிலோ சாதாரணமா இருக்கும், அதனால நிறைய கிட் அந்த எடைய வெச்சே வருது. நம்ம ஊர்ல 2017 டிசம்பர்லயே புல் பார் கூடாதுன்னு மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிடுச்சு, என் வண்டியில அது கிடையாது. எடையே இல்லாத மூக்குக்கு எடை தாங்குற ஸ்பிரிங் போட்டா என்ன ஆகும், முன்பக்கம் வானத்தப் பாத்துட்டு நிக்கும், குழியில விழுந்தா ஸ்டியரிங் வழியா கை வரைக்கும் இடிக்கும். அதோட 3 இன்ச்ல முன் ஆக்ஸில் சாஞ்ச கோணத்துல சுத்தி சுத்தி ஒரு பக்கம் சிவி பூட் (ஆக்ஸில் மூட்ட மூடுற ரப்பர் உறை) கிழிஞ்சு கிரீஸ் எல்லாம் வீல் உள்பக்கம் தெறிச்சிருந்துது, டயரும் உள் விளிம்பு மட்டும் தேய ஆரம்பிச்சுடுச்சு.

ஆனா எனக்கு உறைச்சது முதல் ஸ்பிதி டிரிப்ல, கிராம்ஃபூல இருந்து பாதல் போற ரோட்டுலதான். போனவங்களுக்குத் தெரியும், அங்க ரோடுன்னு பேருக்குத்தான், உருண்டை கல்லும் ஓடுற தண்ணியும்தான். மூணு மணி நேரத்துக்கு மேல அப்படியே ஆட்டம், கடைசி பத்து கிலோமீட்டர்ல வண்டி ஒரு கல்லுல ஏறி இறங்கினா ரெண்டு மூணு தடவ சும்மாவே குதிச்சுட்டு இருக்கு, ஷாக்கே இல்லாத மாதிரி. பாதல்ல டீ குடிக்க நிறுத்தினப்ப பின்னாடி குனிஞ்சு ஷாக் மேல விரல வெச்சேன், ஒரு செகண்ட் கூட வெக்க முடியல, அவ்வளவு சூடு, மேல் சீல்ல இருந்து எண்ணெய் கசிஞ்சு அதுல புழுதி ஒட்டி ஈரக் களிமண் பூசின மாதிரி இருந்துது. பையன் பின்சீட்ல வயித்தப் புடிச்சுட்டு படுத்திருந்தான். அவன் முகத்தப் பாத்தப்ப, லுக்குக்காக செஞ்ச காரியம்னு மனசு ரொம்பவே கஷ்டமாயிடுச்சு.

ஷாக் செய்யிறது ஒரே வேலைதான், ஸ்பிரிங் ஆடுற ஆட்டத்த எண்ணெய் வழியா சூடா மாத்தி வெளிய விடுறது. சூடு வெளிய போற வேகத்த விட உள்ள சேர்ற வேகம் அதிகமானா எண்ணெய் நீர்த்துப் போகும், நுரை கட்டும், அப்புறம் பிஸ்டனுக்கு எதிர்ப்பே இருக்காது. அதனாலதான் நைட்ரஜன் அடைக்கிறாங்க, சில பேர் உள்ள ஃபோம் செல், அதாவது பஞ்சு மாதிரி ஒரு துண்டு, வெக்கிறாங்க, சில பேர் எண்ணெய் அளவ கூட்ட தனி டப்பா மாட்டுறாங்க. எல்லாமே அந்த நுரையையும் சூட்டையும் சமாளிக்கத்தான்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையா பஞ்சு லாரி நிக்கிற எடை மேடைக்குப் போனேன். மூணு பேரும் உக்காந்து, டேங்க் ஃபுல், டூர் போற மாதிரியே எல்லா சாமானும். மேடைக்காரர் வந்து பாத்துட்டு, "ஏனுங்க சார், லோடு எங்க?"ன்னார். வீடே உள்ளதான் இருக்குங்கண்ணான்னு சொன்னதும் சிரிச்சுட்டு அவரே சொல்லிக் குடுத்தார், முழு வண்டி ஒரு தடவ, அப்புறம் முன் வீல் மட்டும் மேடையில, அப்புறம் பின் வீல் மட்டும். முன்னாடி 1,140, பின்னாடி 1,350. அடுத்த நாள் என் கூட்டாளியோட அதே மாடல் வெறும் வண்டிய கொண்டு போய் ஏத்தினோம், முன்னாடி 1,080, பின்னாடி 840. அந்த ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா கதை முடிஞ்சுது. முன்னாடி கூடினது 60 கிலோ, பின்னாடி 510. நான் முன்னாடிக்குத்தான் தடி ஸ்பிரிங் போட்டு வெச்சிருந்தேன்.

அதே நாள் இரும்பு ட்ராயர கழட்டினேன், அது மட்டுமே 60 கிலோ, இப்ப பிளாஸ்டிக் பெட்டிங்கதான். ஆர்.சி-ல இருக்கிற மொத்த எடைய ஒரு தடவ எடுத்துப் பாருங்க, எவ்வளவு தடியான ஸ்பிரிங் போட்டாலும் அந்த நம்பர் ஏறாது, பிரேக்கும் சேஸிஸும் அதேதானே. ஆஸ்திரேலியாவுல எடை கூட்டுறதுக்கு சட்டப்படி சர்டிஃபிகேட் வாங்குற முறை இருக்கு, இங்க நமக்கு அப்படி வழி இல்ல. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் ஆர்.சி விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கு, அதனால ஆர்.டி.ஓ-விலயும் இன்சூரன்ஸ்லயும் முன்கூட்டியே கேட்டுக்கோங்க.

இன்னொரு விஷயம், எடைய ரெண்டா பிரிக்கணும். எப்பவும் வண்டியிலயே இருக்கிறது, டூருக்கு மட்டும் ஏறுறது. எனக்கு கேனோபி, டென்ட், ஃபிரிட்ஜ், பேட்டரி சேர்ந்து 200 கிலோ பக்கம் எப்பவும் பின்னாடி இருக்கும், ஆளு, தண்ணி, டீசல் எல்லாம் வந்து போறது. பட்டை செலக்ட் பண்றது அந்த முதல் நம்பர வெச்சுத்தான். ரெண்டாவது நம்பர வெச்சு ஹெவி வாங்கினா வருஷத்துல 340 நாள் கட்டை மேல உக்காந்து போற மாதிரி இருக்கும். நான் பின்னாடி மீடியம் பட்டை, முன்னாடி பம்பர் மாத்தாத வண்டிக்கான காயில், வண்டிய உயர்த்தினது 40 மில்லிமீட்டர் அளவுல. ஃபிட்டிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல போச்சு, சின்னக் காசு இல்ல, ஆனா தப்பா போட்ட முதல் கிட்டோட காசும் இதுல சேர்ந்திருக்கணுமேன்னு நினைக்கிறப்பதான் வலிக்குது.

மத்ததையும் பாத்தேன். பில்ஸ்டைன் மாதிரி மோனோட்யூப் (ஒரே குழாய்) ஷாக் சூட்ட வேகமா வெளிய விடும், ஆனா பிஸ்டன் வெளிக்கூட்டுக்குள்ளயே ஓடுறதால ஒரு கல்லு பட்டு நசுங்கினா அங்கயே மாட்டிக்கும், ஸ்பிதி கல்லுக்கு எனக்கு தைரியம் வரல. அயர்ன்மேன் ஃபோம் செல் நல்ல சாய்ஸ், எனக்கு வேண்டிய எடைக்கு காயில் சீக்கிரம் கிடைச்சிருந்தா அதையே போட்டிருப்பேன். ஓல்ட் மேன் ஈமுலயே மேல பிபி-51 இருக்கு, 51 மில்லிமீட்டர் போர் (உள் விட்டம்), தனி டப்பா, அமுங்குறதும் திரும்புறதும் தனித்தனியா அட்ஜஸ்ட் பண்ணலாம், ஆனா நாள் பூரா வேகமா மணல்ல ஓட்டுறவங்களுக்கு அது, குடும்பத்தோட 25 கிலோமீட்டர் வேகத்துல போறவனுக்கு தேவையில்லைன்னு விட்டுட்டேன்.

பட்டைக்கு நடுவுல காத்துப் பை மாட்டிக்கலாமேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. தயவு செஞ்சு யோசிச்சு செய்ங்க. பட்டை எடைய முன் கண், பின் கண்ணுன்னு (ரெண்டு முனையிலயும் இருக்கிற வளையம்) சேஸிஸ்ல ரெண்டு இடத்துல பிரிச்சுத் தரும், காத்துப் பை நடுவுல ஒரே புள்ளியில முட்டுக் குடுக்கும். பின் ஆக்ஸிலுக்கு அப்பால எடை தொங்கிட்டு இருந்தா அந்தப் புள்ளியில சேஸிஸ் மடங்கப் பாக்கும், ஆஸ்திரேலியாவுல டபுள் கேப் பிக்கப்புங்க கேபினுக்குப் பின்னாடி வளைஞ்சு நின்ன சம்பவங்கள் நிறைய.

ஃபிட்டிங் நாமக்கல் பக்கம் லாரி பட்டை வேலை பாத்து பழகின ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட செஞ்சேன். அவர்கிட்ட நான் கத்துக்கிட்டது, பட்டைக் கண் போல்ட்டயும் கீழ் ஆர்ம் போல்ட்டயும் வண்டி தொங்கும்போது முறுக்கவே கூடாதுங்கிறது. எல்லாத்தையும் லூசா மாட்டி, வண்டிய கீழ இறக்கி, பின்னாடி ஏறி நின்னு ரெண்டு குலுக்கு குலுக்கி, "இப்ப முறுக்கு தம்பி"ன்னு உதவிப் பையன்கிட்ட சொன்னார். தொங்கும்போது முறுக்கினா புஷ் ரப்பர் முறுக்கின நிலையிலயே மாட்டிக்கிட்டு கொஞ்ச நாள்ல கிழிஞ்சுடுமாம். பட்டைய ஆக்ஸிலோட சேர்த்துப் புடிக்கிற யூ போல்ட் நட்டு மேல வெள்ளைப் பெயின்ட்ல ஒரு கோடு போட்டு, 500 கிலோமீட்டர்ல வாங்க, கோடு நகர்ந்திருக்கான்னு பாப்போம்னார். ரெண்டு நட்டுல நகர்ந்திருந்துது, திரும்ப முறுக்கினோம். அலைன்மென்ட்ல கேம்பரும் காஸ்டரும் (முன் வீல் சாய்வுக் கோணங்கள்) அளவுக்குள்ள வந்துடுச்சு, மேல் ஆர்ம் மாத்த வேண்டி வரல, 40 மில்லிமீட்டரோட நின்னதோட பலன் அதுதான். ஹெட்லைட்ட இறக்கி வெக்க மறந்துடாதீங்க.

வால்பாறை 40 கொண்டை ஊசியில முன்ன டென்ட் எடையில வண்டி ஒரு பக்கம் சாஞ்சு, நிமிர நேரம் எடுக்கும், இப்ப ஒரே அசைவுல சாஞ்சு ஒரே அசைவுல நிமிருது. ரெண்டாவது ஸ்பிதி டிரிப்ல அதே கிராம்ஃபூ ரோடு, டயர்ல 25 பிஎஸ்ஐ, அதே பாதல், அதே மாதிரி குனிஞ்சு விரல வெச்சேன். சூடாத்தான் இருந்துது, ஆனா விரல எடுக்காம வெச்சிருக்க முடிஞ்சுது, சீல் காஞ்சு கிடந்துது. பையன் குன்சும் கணவாய் ஏறுற வரைக்கும் முழிச்சிருந்து பனியப் பாத்துட்டு வந்தான். டென்ட இறக்கி வெச்சுட்டு ஊருக்குள்ள ஓட்டும்போது பின்பக்கம் கொஞ்சம் தட்டும், லோடுக்கான எந்தப் பட்டையும் அப்படித்தான், நான் பின் டயர்ல ரெண்டு மூணு பிஎஸ்ஐ குறைச்சுக்கிறேன்.

14,000 கிலோமீட்டர்ல இதுவரைக்கும் கசிவு இல்ல, பின்பக்கம் உக்காந்தது இஞ்ச் டேப்ல பாத்தா அரை சென்டிமீட்டர் கூட இல்ல. வர்ற ஜூன்ல மறுபடி ஸ்பிதி, இந்தத் தடவ கின்னௌர் வழியா. போறதுக்கு முன்னாடி திரும்ப அதே மேடையில ஏத்தணும், பையன் சைக்கிளையும் எடுத்துட்டு வருவேன்னு நிக்கிறான்.