மொட்டை மாடி வெயிலுக்குக் காகிதப்பூவா, அடீனியமா?

நாள் முழுக்க வெயில், தண்ணீருக்கோ பஞ்சம். இப்படிப்பட்ட மாடிக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் பலரும் தேடுகிறார்கள். இரண்டும் பல ஆண்டுகள் நிற்பவை, குணம்தான் வேறு.

காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நாம் பூ என்று ரசிக்கும் நிறமெல்லாம் பூவடிச் செதில்கள், அதாவது பூவைச் சுற்றியுள்ள நிறமேறிய இலைகள்; உண்மையான பூ நடுவில் சிறிதாக, வெண்மையாக இருக்கும். தினமும் தண்ணீர் ஊற்றினால் இலைதான் தழைக்கும். மண் நன்றாகக் காய்ந்து, இலை லேசாகத் துவளும்போது ஊற்றினால் கொத்துக் கொத்தாகப் பூக்கும். புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால், ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கிளைநுனிகளை வெட்டிவிட வேண்டும். முள் குத்தும், கையுறை அவசியம். உதிரும் செதில்களைப் பெருக்கச் சலிக்காதவர்களுக்கே இது ஏற்றது.

அடீனியம் ஆப்பிரிக்கா, அரேபியா பக்கத்துச் செடி. பருத்த அடித்தண்டிலேயே நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வெயிலை அது சமாளித்துவிடும். அதற்கு எமன் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். மண்ணில் பாதியாவது ஆற்றுமணலோ சிறு கல்லோ இருக்கட்டும். மழைக்காலத்தில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்துங்கள். தண்டை அழுத்தினால் கொழகொழவென்றிருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. அழுகிய பகுதியைச் சீவி, நிழலில் உலர்த்தி மறுபடி நடலாம். செடியில் வடியும் பால் நச்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

மறைப்போ நிழலோ வேண்டுமென்றால் காகிதப்பூ. இடம் குறைவு, தொட்டியை நகர்த்த ஆளிருக்கிறது என்றால் அடீனியம். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கும் என் ஓட்டு அடீனியத்துக்கே, மழைக்காலம் நீங்கலாக.